அடுத்த நாற்காலி

சென்ற திங்கள் நம் சங்கத்தில் நடைபெற்ற சொற்போரில் வெற்றி பெற்ற கட்சியில் நானும் ஒருவன். "மதத்தின் பெயரால் ஆளும் அரசை மத நம்பிக்கை அற்றவனே எதிர்த்து நிற்க முடியும்" என்பது தலைப்பு. ஆம் என்பது எங்கள் கட்சி. வால்டேரைத் துணைக்கு அழைத்தேன், ஈரோட்டையும் விடவில்லை. கடவுள் பெயரைச் சொல்லி அரியணை ஏறியவனைக் கடவுளைக் கும்பிடுகிறவன் எப்படிக் கீழே இறக்குவான், கோயில் கணக்கில் குற்றம் இருக்கிறதென்று பூசாரியிடமே போய் மனுக் கொடுக்கிற கதையல்லவா அது என்று ஒரு போடு போட்டேன். கைதட்டல் உணவு விடுதி வரைக்கும் கேட்டதாம். நடுவரும் எங்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னார்.

கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் என் தோளைத் தொட்டார். ஆராய்ச்சி மாணவர், கீழக்கரைக்காரர், வயதில் மூத்தவர். விடுதியில் எந்த மதத்துப் பிள்ளையானாலும் அவரைக் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவோம். "நல்லாப் பேசுனீங்க தம்பி. ஒரு சங்கதி மட்டும் கேக்கணும். ஈரான்லெ கொமெய்னிக்கு அடுத்த நாற்காலி இன்னாருக்குன்னு முடிவு பண்ணி வச்சிருந்தாங்களே, அந்த மனுசர் அதை எதுக்காக இழந்தார்னு படிச்சிருக்கீங்களா?" என்றார். நான் படித்ததில்லை. அப்படி ஒருவர் இருந்தார் என்பதே எனக்குத் தெரியாது. "படிச்சிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுக் காக்கா தொழுகைக்குப் போய்விட்டார். நான் பரிசுக் கோப்பையும் கையுமாக நின்றேன்.

மூன்று வாரம் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

அந்த மனிதரின் பெயர் ஹுசைன் அலி மொந்தஸெரி. இஸ்பஹானுக்கு அருகில் நஜபாபாத் என்னும் ஊரில் 1922-இல் ஓர் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தவர். கோம் நகரத்து மதரஸாவில் கொமெய்னியிடம் பாடம் கேட்டவர். ஷா மன்னரை எதிர்த்துச் சிறைக்கும் நாடு கடத்தலுக்கும் ஆளானவர். கடைசிச் சிறைவாசம் 1978-இல் முடிந்தது. 1979-இல் ஷா ஓடிப்போனபின் புதிய அரசமைப்பை எழுதக் கூடிய சபைக்குத் தலைவராக இருந்தவரும் அவரே. 'விலாயத்தே பகீஹ்', அதாவது மார்க்கச் சட்டம் கற்ற அறிஞர் ஒருவரின் தலைமையில் நாடு நடக்க வேண்டும் என்னும் கொள்கை, அந்த அரசமைப்பில் உட்கார்ந்ததற்கு அவரும் ஒரு காரணம். அக்கொள்கையைப் பற்றிப் பல பாகங்களில் பெருநூல் எழுதியவர். 1985-இல், கொமெய்னிக்குப் பின் இவரே நாட்டின் தலைவர் என்று அதற்குரிய சபை முடிவு செய்தது. அலுவலகச் சுவர்களில் கொமெய்னியின் படத்துக்குப் பக்கத்தில் இவர் படமும் தொங்கியது. பேச்சும் தோற்றமும் நாட்டுப்புறத்தாருடையவை என்பதால் அவரைக் கேலி செய்யும் துணுக்குகளும் தெருவெல்லாம் உலவின. அவற்றை அவரும் அறிந்திருந்தார்.

இப்பேர்ப்பட்டவரை அந்த அரசின் எதிரி என்று யார் நினைப்பார்கள்? வீட்டைக் கட்டிய கொத்தனார்களில் ஒருவர் அல்லவா!

1988-ஆம் ஆண்டுக் கோடைக்கு வருவோம். ஈராக்கோடு எட்டாண்டுகளாக நடந்த போரை நிறுத்த ஜூலை மாதம் ஈரான் ஒப்புக்கொண்டது. அடுத்த சில நாட்களில், ஈராக்கில் தளம் அமைத்திருந்த 'முஜாஹிதீன் கல்க்' என்னும் எதிர்ப்பு இயக்கத்தின் படை எல்லை தாண்டி உள்ளே வந்தது, முறியடிக்கப்பட்டது. படையெடுத்து வந்தவர்களைத் தண்டிப்பது ஒருபுறம் இருக்கட்டும். அவ்வியக்கத்தைச் சேர்ந்தவர்கள் என்று ஏற்கெனவே பிடிபட்டு, விசாரணை முடிந்து, ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று தண்டனை பெற்றுச் சிறையில் கிடந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். துண்டுத்தாள் விற்றதற்காக உள்ளே போன இளைஞர்களும் அவர்களில் உண்டு. அவர்களில் பழைய கொள்கையில் உறுதியாக நிற்பவர்கள் இறைவனோடு போர் செய்பவர்கள், அவர்களுக்கு மரணம் என்று கொமெய்னியின் பெயரில் ஆணை பிறந்தது. நீதிபதி ஒருவர், வழக்கு நடத்துவோர் ஒருவர், உளவுத்துறையாள் ஒருவர் என மூவர் குழு ஒவ்வொரு கைதியையும் அழைத்துச் சில நிமிடம் கேள்வி கேட்கும். விடையைப் பொறுத்துத் தூக்கு.

பிறகு இடதுசாரிக் கைதிகளின் முறை வந்தது. அவர்களிடம் கேட்ட கேள்விகள் வேறு: நீ முஸ்லிமா? தொழுகிறாயா? மாண்டவர் தொகை இன்னும் வழக்கில்தான் இருக்கிறது. மொந்தஸெரி தம் நினைவுக் குறிப்புகளில் 2,800 அல்லது 3,800 என்று, நினைவு சரியாக இல்லை என்ற ஒப்புதலோடு எழுதினார். 5,000 வரை என்று மதிப்பிடுவோரும் உண்டு. தெஹ்ரானுக்கு வெளியே காவரான் என்னும் இடத்தில் பெயர்ப்பலகை இல்லாத மண்மேடுகளைத் தேடித் தாய்மார்கள் ஆண்டுக்கணக்கில் பூவோடு போய் வந்தனர்.

இச்செய்தி கோம் நகரத்துக்கு எட்டியதும் மொந்தஸெரி என்ன செய்தார்? ஜூலை 31-ஆம் நாள் தம் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தின் வாதம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மனித உரிமை என்றோ ஐக்கிய நாடுகள் என்றோ அவர் தொடங்கவில்லை. படையெடுப்பில் பிடிபட்டவர்களைக் கொல்வதை மக்கள் ஏற்கக்கூடும். ஆனால் முன்பே தீர்ப்புப் பெற்றுச் சிறையில் இருப்பவனை, அவன் புதிதாக ஒன்றும் செய்யாதபோது கொல்வது, தீர்ப்புச் சொன்ன நம் நீதிபதிகளையும் நீதி முறை முழுவதையும் காலால் மிதிப்பதாகும் என்றார். மக்காவை வென்ற நாளில் நபிகள் நாயகம் தம் பகைவரை எப்படி நடத்தினார், ஜமல் போர் முடிந்தபின் அலி தம்மை எதிர்த்தவர்களை எப்படி நடத்தினார் என்பவை அவருடைய சான்றுகள். பெண்களையாவது, அதிலும் குழந்தை பெற்ற தாய்மாரையாவது விட்டுவிடுங்கள் என்றும் கேட்டார்.

சில நாள் கழித்து இரண்டாவது கடிதம். மாகாணத்து நீதிபதி ஒருவர் தம்மிடம் மனம் நொந்து சொன்னதை அதில் எழுதினார். ஒரு கைதி. இயக்கத்தைக் கண்டிக்கிறாயா என்று கேட்டார்கள், கண்டிக்கிறேன் என்றான். தொலைக்காட்சியில் சொல்லத் தயாரா? தயார். ஈராக்கோடு போர்முனைக்குப் போகத் தயாரா? தயார். கண்ணிவெடி புதைத்த நிலத்தின்மேல் நடக்கத் தயாரா? "எல்லாருமா கண்ணிவெடிமேல் நடக்கத் தயாராக இருக்கிறார்கள்? நேற்று மனம் மாறியவனிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா?" என்றான் அவன். ஆக, நீ இன்னும் பழைய கொள்கையில்தான் நிற்கிறாய் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மொந்தஸெரியின் மகன் முகம்மது 1981 ஜூன் 28-ஆம் நாள் தெஹ்ரானில் ஆளுங்கட்சித் தலைமையகத்தில் வெடித்த குண்டில் எழுபதுக்கு மேற்பட்டோரோடு மாண்டவர். அந்தக் குண்டை வைத்தது முஜாஹிதீன் கல்க் என்பதே அரசின் குற்றச்சாட்டு. அந்த இயக்கத்துக் கைதிகளுக்காகத்தான் தகப்பன் பரிந்து பேசினார். பழி வாங்க உரிமை கொண்டாடத் தக்கவர் பழி வேண்டாம் என்றார். உரிமை இல்லாதவர்கள் ஆணையில் கையெழுத்திட்டுக் கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 15-ஆம் நாள், தெஹ்ரானில் இந்த வேலையை நடத்திய அதிகாரிகள் நால்வரைத் தம் வீட்டுக்கு அழைத்தார். இஸ்லாமியக் குடியரசு தொடங்கிய நாளிலிருந்து நடந்த மிகப் பெரிய குற்றம் உங்கள் கையால் நடந்திருக்கிறது, நாளை வரலாறு உங்கள் பெயரைக் குற்றவாளிகள் பட்டியலில் எழுதும் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அப்பேச்சு ஒலிநாடாவில் பதிவாயிற்று. நால்வரில் ஒருவரான இப்ராஹிம் ரயீஸி 2021-இல் நாட்டின் அதிபரானார். 2024-இல் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். இன்னொருவரான முஸ்தபா பூர்முகம்மதி பின்னாளில் நீதியமைச்சராகவே இருந்தார்!

கடிதங்களுக்குக் கூலி 1989 மார்ச்சில் வந்தது. நாட்டைத் தாராளவாதிகளிடமும், அவர்கள் வழியாக நயவஞ்சகர்களிடமும் ஒப்படைத்துவிடுவாய், நீ தலைமைக்குத் தகுதியற்றவன் என்று கொமெய்னியின் பெயரால் கடுங்கடிதம் வந்தது. மொந்தஸெரி விலகினார். ஒரே நாளில் சுவர்களிலிருந்து படங்கள் இறங்கின. ஒன்பது வாரம் கழித்து, ஜூன் 3-ஆம் நாள் கொமெய்னி இறந்தார். வாயை மூடிக்கொண்டு இன்னும் ஒன்பது வாரம் பொறுத்திருந்தால் நாடு அவர் கையில். இதைக் காக்காவிடம் சொன்னபோது, "அதான் தம்பி, அந்த ஒம்பது வாரத்தைத்தான் கணக்குப் போட்டுப் பாக்கச் சொன்னேன்" என்றார்.

இங்கே ஷியா மார்க்கத்தின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ரோமாபுரியில் போப் இருப்பதுபோல ஒரே தலைமை அங்கே இல்லை. கற்றறிந்த பேரறிஞர் பலர் இருப்பர். அவர்களில் யாரைப் பின்பற்றுவது என்பதை ஒவ்வொரு நம்பிக்கையாளனும் தானே தேர்ந்துகொள்கிறான். 'மர்ஜா' என்று பெயர். தான் செலுத்த வேண்டிய மார்க்க வரியையும் தன் மர்ஜாவுக்கே செலுத்துகிறான். ஆகவே அரசு ஒருவரைப் பதவியிலிருந்து இறக்கலாம்; அவரைப் பின்பற்றுகிறவன் மனத்திலிருந்து இறக்க முடியாது. 1982-இல் ஷரீஅத்மதாரி என்னும் பெரிய ஆயத்துல்லாவை, அரசைக் கவிழ்க்கும் சதியில் பங்கு என்று சொல்லி, மர்ஜா தகுதியே பறிபோயிற்று என்று அறிவித்துப் பார்த்தார்கள். அதற்குமுன் யாரும் கேள்விப்படாத முறை அது! 1989-இல் நேர்மாறான சிக்கல் வந்தது. புதிய தலைவராக அமர்த்திய அலி காமனெயி அப்போது மர்ஜா அல்லர். தலைவர் மர்ஜாவாக இருக்கவேண்டும் என்று அரசமைப்பு சொல்லிற்று. அரசமைப்பைத் திருத்திவிட்டார்கள். மார்க்கக் கல்விக்காக ஆட்சி என்று தொடங்கியவர்கள், ஆட்சிக்காக மார்க்கக் கல்வியின் அளவுகோலைக் குறைத்துக்கொண்டார்கள். இதை வெளியிலிருந்து ஒரு நாத்திகன் சொன்னால் அவர்களுக்கு உறைக்குமா? கோம் நகரத்துப் பெரியவர் ஒருவர் சொன்னால் உறைக்கும்.

சொன்னார். 1997 நவம்பரில் தம் மாணவர்களிடையே பேசியபோது, மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தகுதி காமனெயிக்கு இல்லை என்றும், தலைவரின் வேலை மேற்பார்வை பார்ப்பதே அன்றி எல்லாவற்றிலும் தலையிட்டு ஆள்வது அன்று என்றும் சொன்னார். சில நாளில் கூட்டம் ஒன்று அவருடைய அலுவலகத்தையும் பாடம் நடத்தும் மண்டபத்தையும் சூறையாடியது. பிறகு வீட்டுக்காவல், 2003 சனவரி வரை, ஐந்தாண்டுக்கு மேல். எழுபத்தைந்து வயதில் தொடங்கி எண்பதில் முடிந்தது.

அந்த ஐந்தாண்டில் அவர் பழைய பல்லவியையே பாடவில்லை. தாம் எழுதிய கொள்கையைத் தாமே திரும்பிப் பார்த்தார். மக்களின் ஒப்புதல் இல்லாத ஆட்சி மார்க்கத்தின்படியும் செல்லாது என்ற முடிவை மேலும் மேலும் அழுத்திச் சொன்னார். 2008-இல், ஈரானில் எந்த உரிமையும் இன்றித் துன்புறுத்தப்பட்டுவந்த பஹாயிகளும் அந்த மண்ணின் குடிமக்கள், குடியுரிமை அவர்களுக்கும் உண்டு என்றார். பஹாயி மதத்தை அவர் ஏற்றவர் அல்லர். பொய்மதம் என்றே கருதியவர். இருந்தும் சொன்னார். என் போன்றவர்கள் சொல்லுவது எளிது. எங்களுக்கு எல்லா மதமும் ஒன்றுதானே! அவருக்கு அது எளிதன்று.

2009 ஜூன் தேர்தல் முடிவை நம்ப மறுத்துத் தெருவில் இறங்கிய இளைஞர்களை அரசு அடித்து நொறுக்கியபோது, மொந்தஸெரிக்கு வயது எண்பத்தாறு. நீதியும் நேர்மையும் மக்கள் ஆதரவும் இழந்த ஆட்சியாளன், யாரும் நீக்காமலேயே பதவி இழந்தவன் ஆகிறான் என்று அவர் மார்க்கத் தீர்ப்பு எழுதினார். அவ்வாண்டு டிசம்பரில் உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. கோம் நகரத்தில் நடந்த இறுதி ஊர்வலத்தில் திரண்ட பெருங்கூட்டம் அரசுக்கு எதிரான முழக்கத்தோடு நடந்தது. அதில் தொழாத இளைஞர்களும் இருந்தார்கள்; முக்காடு இறுக்கிய கிழவிகளும் இருந்தார்கள்.

நான் அவருக்குச் சிலை வைக்கப் புறப்படவில்லை. மதகுரு ஆளவும் வேண்டாம், மேற்பார்வை பார்க்கவும் வேண்டாம் என்பதே இன்றும் என் கருத்து. 1979-இல் அந்தப் பூட்டைச் செய்தவர்களில் அவரும் ஒருவர். அதில் பிறர் அகப்பட்டபின்தான் அதன் கனம் அவருக்குத் தெரிந்தது என்று குறை சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆயினும் பூட்டுச் செய்தவர்கள் பலர் சாவியை மடியில் கட்டிக்கொண்டு சுகமாக இருந்தார்களே!

மாணவர்களாகிய நமக்கு இன்னும் நெருங்கிய செய்தி ஒன்று. ஹாஷிம் ஆகாஜரி வரலாற்றுப் பேராசிரியர். ஈராக் போரில் ஒரு காலை இழந்தவர். 2002 ஜூனில் ஹமதான் நகரில் பேசும்போது, குருமார் சொல்வதை அப்படியே பின்பற்ற மக்கள் குரங்குகள் அல்லர், ஒவ்வொரு தலைமுறையும் மார்க்கத்தைத் தானே படித்து விளங்கிக்கொள்ளலாம் என்றார். நவம்பரில் மரண தண்டனை! மேல்முறையீடு செய்யமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். தெஹ்ரானிலும் பிற நகரங்களிலும் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து நாள்தோறும் கூடினார்கள். தீர்ப்பை மறு ஆய்வு செய்யும்படி தலைவரே சொல்லவேண்டியதாயிற்று. உயர்ந்த நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. 2004-இல் அவர் வெளியே வந்தார். அன்று கூடிய மாணவர்களில் தொழுகிறவர் எத்தனை, தொழாதவர் எத்தனை என்று யாரும் பிரித்து நிறுத்தவில்லை. சொற்போரில் நான் பிரித்து நிறுத்தினேன்.

இக்கட்டுரையைப் படித்துவிட்டு, "பார்த்தாயா, இஸ்லாம் என்றாலே இப்படித்தான்" என்று தலையாட்டும் நண்பர் சிலர் நம் விடுதியிலேயே இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. தூக்கு மேடைக்கு ஆணை எழுதியவர் எந்த வேதத்தை ஓதினாரோ, அதே வேதத்தை ஓதியவர்தான் அதைத் தடுக்க நாற்காலியை இழந்தார். இரண்டில் ஒன்றை மட்டும் இஸ்லாம் என்று எடுத்துக்கொண்டால், தெஹ்ரான் அரசு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதை நீங்களும் ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த அரசுக்கு இதைவிட என்ன வேண்டும்? "எங்களை எதிர்ப்பவன் இறைவனை எதிர்ப்பவன்" என்பதுதானே அவர்கள் வாதம். அன்றைய சொற்போரில் நான் பேசியதும், பக்கம் மாறி நின்று, அதே வாதந்தான். வெட்கமாக இருக்கிறது.

2016 ஆகஸ்டில், அந்தப் பழைய ஒலிநாடாவை மொந்தஸெரியின் இன்னொரு மகன் அஹ்மத் உலகம் கேட்க வெளியிட்டார். அவரும் தலைப்பாகை கட்டிய மார்க்க அறிஞரே. இருபத்தெட்டு ஆண்டு பழைய குரலைக் கேட்டு அரசு பதறியது. குருமார்களை விசாரிப்பதற்கென்றே உள்ள தனி நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது; 2017-இல் சிறைக்குள் கொண்டுபோய், பெரியவர்கள் தலையிட்டதும் வெளியே விட்டார்கள்.

இதையெல்லாம் எழுதி முடித்துச் சங்கச் செயலாளரிடம் போனேன். அதே தலைப்பை அடுத்த திங்கள் மீண்டும் வைக்கவேண்டும், நான் எதிர்க்கட்சியில் பேசுகிறேன் என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார், கோப்பையை அதுவரை அலுவலகத்தில் வைத்துவிடச் சொன்னார். காக்காவை என் கட்சியில் சேரும்படி அழைத்தேன். "நான் பேசுனா, துலுக்கன் தன் ஆளுக்குப் பேசுறான்னுதான் சொல்லுவாங்க. நீங்க பேசுங்க தம்பி, நான் முன்வரிசையிலெ உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது தவறு என்று மறுக்க எனக்கு அப்போது வாய் வரவில்லை.